தூத்துக்குடியில் மைனஸ் 40 டிகிரி

அக்னி நட்சத்திரம் தொடங்கி மூன்றாம் நாள் மத்தியானம். கடையில் ஃபேன் ஓடினால் அனல்தான் வரும், ஓடாவிட்டால் அதுவும் வராது. பிட்டுக்கு மேலே நின்ற வண்டியில் ஸ்கேனரை மாட்டிவிட்டு, "அண்ணே, கியர் ஆயில் மைனஸ் நாப்பதுன்னு காட்டுதுண்ணே" என்றான் என்னிடம் வேலை பழகும் பையன்.

முத்தையாபுரம் பக்கத்து உப்பளத்திலிருந்து நேரே ஓட்டி வந்த வண்டி அது. கியர் பாக்ஸின் அடியில் கை வைத்தால் தோல் உரிந்துவிடும். மைனஸ் போட்ட எண்ணைத் தூத்துக்குடியில் நான் அதுவரை பார்த்ததெல்லாம் துறைமுகத்து ரீஃபர் கண்டெய்னர்களில்தான். இறாலும் மீனும் கப்பலேறும்வரை மைனஸ் 18-ல் கிடக்கும் பெட்டிகள் அவை. அதைவிடக் குளிராம் இந்த வண்டியின் எண்ணெய்.

"கை வச்சுப் பாருலே, ஜில்லுனு இருக்கும்" என்றேன். பையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

வண்டிக்காரர் அளம் வைத்திருப்பவர். பெஞ்சில் உட்கார்ந்து கலர் குடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். "என்ன அண்ணாச்சி, சிரிக்கீய? மேல் கியருக்கே ஏற மாட்டேங்குது, டீசலைக் குடிச்சுத் தீக்குதுன்னு நானே நொந்துபோய் வந்திருக்கேன்." அவரிடம் சொன்னதைத்தான் உங்களுக்கும் கொஞ்சம் விரித்துச் சொல்லப் போகிறேன். நான் படித்தது ஐடிஐ. ஆட்டோ எலெக்ட்ரிசியன் வேலை முப்பது வருஷம். அதில் முதல் பத்து வருஷம் கண்டெய்னர் யார்டில், ரீச் ஸ்டேக்கர் வண்டிகளின் வயரிங்கோடு.

ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளட்ச் பெடல் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெடலின் வேலையை யார் செய்கிறார்கள் என்பதுதான் விஷயம். சின்ன கார்களில் வரும் ஏஎம்டி என்பது பழைய கியர் பாக்ஸும் பழைய கிளட்சும்தான். கால் மிதிக்க வேண்டியதை ஒரு மோட்டார் மிதிக்கிறது. அதை இங்கே விட்டுவிடுகிறேன். நான் சொல்வது டார்க் கன்வர்ட்டர் வைத்த அசல் ஆட்டோமேட்டிக். அதில் இன்ஜினும் கியர் பாக்ஸும் இரும்போடு இரும்பாகச் சேர்ந்திருக்காது. நடுவே எண்ணெய் இருக்கும். இன்ஜின் சுற்றும் ஒரு துடுப்புச் சக்கரம் எண்ணெயை வீசியடிக்க, எதிரில் இருக்கும் இன்னொரு துடுப்புச் சக்கரம் அந்த அடியை வாங்கிச் சுழலும்.

இந்த யோசனை காருக்காகப் பிறந்ததல்ல, கப்பலுக்காக. ஜெர்மனியின் வல்கன் கப்பல் தளத்தில் வேலை பார்த்த ஹெர்மன் ஃபொட்டிங்கர் 1905-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். நீராவி டர்பைன் படுவேகமாகச் சுற்றும், கப்பலின் புரொப்பெல்லரோ நிதானமாகச் சுற்றினால்தான் தண்ணீரைத் தள்ளும். இரண்டையும் திரவம் வழியாகச் சேர்த்துவைத்தார் அவர். அதற்கு அடுத்த வருஷம்தான் எங்கள் ஊரில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றுமில்லை. ஆனால் துறைமுகத்தில் பத்து வருஷம் உழைத்தவனுக்கு இதைச் சொல்லாமல் தாண்ட மனசு வரவில்லை.

எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தினால் வழுக்கல் இருக்கும். அந்த வழுக்கலில் தொலையும் சக்தி முழுவதும் சூடாகத்தான் மாறும், வேறு போக்கிடம் கிடையாது. யார்டில் ரீச் ஸ்டேக்கர் ஒரு பெட்டியைத் தூக்கும், முப்பது அடி போகும், நிற்கும், ரிவர்ஸ் எடுக்கும், மறுபடி முன்னால் வரும். ஒரே வேகத்தில் ஓடும் நேரமே அதற்குக் கிடையாது. டிரைவர் முன்னால் கியர் ஆயிலின் சூடு காட்டும் மீட்டர் இருக்கும். 120-ஐத் தொட்டால் பஸ்ஸர் அலறும். ஒரு டிரைவர் அந்தச் சத்தம் பொறுக்காமல் பஸ்ஸர் வயரை வெட்டிவிட்டார். பத்தே நாளில் கிளட்ச் பிளேட்டுகள் கரிந்து, கியர் பாக்ஸைக் கழற்றியபோது வந்த நாற்றம் எனக்கு இன்றும் மூக்கில் இருக்கிறது. கருகிய எண்ணெயின் நாற்றம் அடுப்பில் தீய்ந்த பாலைப் போன்றது, ஒருதடவை முகர்ந்தால் மறக்காது.

காரில் அந்த மீட்டர் பெரும்பாலும் இருக்காது. மீட்டரைப் பார்க்கும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டார்கள். டிசிஎம் என்போம், கியர் பாக்ஸுக்கென்று தனி மூளை. சாதாரண ஓட்டத்தில் எண்ணெய் 80-லிருந்து 100 டிகிரிக்குள் இருந்தால் அதற்கு நிம்மதி. காலையில் எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருந்தால் மேல் கியரைத் தாமதமாகக் கொடுக்கும். டார்க் கன்வர்ட்டருக்குள் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் லாக் கிளட்சைப் பிடிக்காமல் விட்டுவைக்கும், வழுக்கல் இருந்தால்தானே எண்ணெய் சீக்கிரம் சூடாகும். எண்ணெய் அளவுக்கு மிஞ்சிச் சூடானால் தலைகீழாக நடக்கும்: லாக்கை உடனே பிடித்து வழுக்கலை நிறுத்தும், கியர் மாற்றும் கணக்கையே மாற்றும், அதிலும் அடங்காவிட்டால் வண்டியை ஒரே கியரில் ஊர்ந்து வீடு போய்ச் சேரச் சொல்லும். 

இவ்வளவு முடிவையும் அது எடுப்பது எதை வைத்து? எண்ணெய்க்குள் முங்கிக் கிடக்கும், மிளகு அளவுகூட இல்லாத ஒரு மணியை வைத்து.

அந்த மணிக்குத் தெர்மிஸ்டர் என்று பெயர். மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்சைடுகளைக் கலந்து ஓடு சுடுவதுபோல் சுட்டு எடுப்பார்கள். செம்புக் கம்பியைச் சூடாக்கினால் மின்சாரத்துக்கு அதன் தடை கூடும். இந்த மணி எதிர்க்கட்சி. சூடு ஏற ஏற உள்ளே எலெக்ட்ரான்கள் கட்டவிழ்ந்து நடமாடத் தொடங்கும், தடை சரசரவென்று இறங்கும். இப்படி நடந்துகொள்ளும் பொருள் ஒன்று இருப்பதை வெள்ளி சல்ஃபைடில் மைக்கேல் ஃபாரடே 1833-லேயே கவனித்துவிட்டார்.

என் கைக்கு அடிக்கடி வரும் ஒரு வகைச் சென்சாரை எடுத்துக்கொள்வோம். 25 டிகிரியில் சுமார் 3,500 ஓம், 110 டிகிரியில் சுமார் 250 ஓம். டிசிஎம் தன்னிடமுள்ள 5 வோல்ட்டை ஒரு நிலையான தடை வழியாக இந்த மணிக்கு அனுப்பும். கணக்கு எளிதாக இருக்க அந்தத் தடையை 1,000 ஓம் என்று வையுங்கள். எண்ணெய் 25 டிகிரியில் இருந்தால் நடுவில் 3.9 வோல்ட் நிற்கும்; 110-க்கு ஏறினால் 1 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். டிசிஎம் பார்ப்பது இந்த வோல்ட்டை மட்டும்தான். இத்தனை வோல்ட்டுக்கு இத்தனை டிகிரி என்று தனக்குள் இருக்கும் அட்டவணையைப் புரட்டிச் சூட்டைத் தெரிந்துகொள்கிறது.

சூடு எவ்வளவு என்று அதற்கு நேராகத் தெரியவே தெரியாது. இதை மனசில் வைத்துக்கொண்டால் மைனஸ் 40 புரிந்துவிடும். வயர் அறுந்துபோனால் மின்சாரம் போக வழியில்லை, 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். ‘இவ்வளவு தடையா, அப்படியென்றால் பயங்கரக் குளிர்’ என்று அட்டவணையின் கடைசி வரிக்குப் போய்விடும் டிசிஎம். அந்த வரி பல வண்டிகளில் மைனஸ் 40. செல்சியஸிலும் ஃபாரன்ஹீட்டிலும் ஒரே எண்ணாக வரும் இடம் அது ஒன்றுதான். வயர் அறுபடாமல் உரசிப் பாடியைத் தொட்டு எர்த் ஆகிவிட்டாலோ வோல்ட் பூஜ்யம். எண்ணெய் கொதிக்கிறது என்று அலறும். முதலாவதற்கு பி0713, இரண்டாவதற்கு பி0712 என்று ஸ்கேனரில் கோடு வரும். குளிருக்கு ‘ஹை’, சூட்டுக்கு ‘லோ’ என்று போட்டிருப்பதைப் பார்த்துப் புதுப் பையன்கள் குழம்புவார்கள். அங்கே ஹை, லோ என்பது வோல்ட்டைத்தான்.

அளத்துக்காரர் வண்டியில் எலி ஒரு வயரைக் கடித்திருந்தது. கால் மணி நேர வேலை. இந்த மாதிரிப் பொய் எனக்குப் பிடிக்கும். கூரையேறிக் கூவுகிற பொய், உடனே பிடித்துவிடலாம்.

பிடிபடாத பொய் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் என் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் திரேஸ்புரத்துக்காரர்கள். 1955-லிருந்து 1961 வரை எங்கள் கடலில் முத்துக்குளிப்பு நடந்தபோது தாத்தா வள்ளத்தில் கயிறு பிடித்தவர். குளிக்கிறவர் கல்லில் கால் வைத்து ஏழெட்டுப் பாகம் ஆழத்துக்குப் போய், பார் என்று நாங்கள் சொல்லும் கடலடிப் பாறைத்திட்டில் சிப்பி பொறுக்குவார். மேலே நிற்கிறவருக்கு அவர் கண்ணில் தெரியமாட்டார். கையில் இருப்பது கயிறு மட்டும். கீழேயிருந்து சுண்டினால் இழுக்க வேண்டும். கயிறு பிடிக்க மச்சினனைத்தான் நிறுத்துவார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள், அக்கா தாலி அவன் கையில் இருக்கிறதே. தாத்தா சொல்வார்: "கயிறு அறுந்தா கை லேசாயிடும்லே, உடனே தெரிஞ்சிரும். பார்ல கொம்பு கொம்பா நிக்குற கல்லுல கயிறு மாட்டிக்கிட்டா, அதான் மோசம். அவன் கீழ கெடந்து சுண்டுவான், ஒனக்கு ஒண்ணுமே வராது. நல்லாத்தான் இருக்கான்னு நெனச்சுக்கிட்டு நிப்பே."

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி நகரம் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தது. அந்த ஒரு மாதம் என் கடை வாசலில் நின்ற வண்டிகளைப் போல முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கியர் பாக்ஸ் மூச்சு விட மேலே ஒரு சின்னத் துவாரம் வைத்திருப்பார்கள். அதன் வழியாக உள்ளே போன தண்ணீர் சிவப்பு எண்ணெயோடு கலந்து, கழற்றி ஊற்றினால் ரோஸ்மில்க்காகக் கொட்டியது.

அப்போது முங்கின வண்டிகளில் ஒன்று, ஏழு பேர் உட்காரும் பெரிய ஆட்டோமேட்டிக், ஒன்றரை வருஷம் கழித்து என்னிடம் வந்தது. வெள்ளத்தின்போதே எண்ணெயெல்லாம் மாற்றியாகிவிட்டது, ஓடிக்கொண்டுதான் இருந்தது. மே மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் ஏறும்போது பாதி மலையில் இன்ஜின் இரைகிறது, வண்டி நகரவில்லை. ஆறப்போட்டு ஓட்டி வந்திருக்கிறார்கள். வழியில் வெளியூர் வொர்க் ஷாப் ஒன்றில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, கோடு ஒன்றும் இல்லை, எண்ணெய்ச் சூடு நார்மல், ஆகவே கியர் பாக்ஸே போச்சு, மூன்று லட்சம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். 

கியர் ஆயில் குச்சியை இழுத்து முகர்ந்தேன். அதே தீய்ந்த பால்.

சூடே ஏறாத எண்ணெய் எப்படிக் கருகும்? மறுநாள் காலையில், வண்டி ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த பிறகு ஸ்கேனரைப் போட்டேன். இது எங்கள் தொழிலில் முதல் சோதனை. இன்ஜின் தண்ணீர், உள்ளே போகும் காற்று, கியர் ஆயில் மூன்றும் அப்போது ஒரே சூட்டில் இருக்க வேண்டும். 29, 29, 28. சுத்தம். சென்சார் மேல் குற்றம் சொல்ல வழியே இல்லை.

துறைமுகம் போகும் பைபாஸில் ஒரு மணி நேரம் விரட்டி ஓட்டிவிட்டு வந்து, கியர் பாக்ஸின் அடித்தட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப் துண்டு ஒட்டி, சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கியைக் காட்டினேன். (பளபளக்கும் அலுமினியத்தில் நேரே காட்டினால் துப்பாக்கியும் பொய் சொல்லும், டேப் முக்கியம்.) 106 டிகிரி. வெளித்தகடே 106 என்றால் உள்ளே எண்ணெய் 110 இருக்கும். ஸ்கேனர் சொன்னது 87.

கப்ளரைக் கழற்றினேன். கியர் பாக்ஸின் பக்கவாட்டில் வயரெல்லாம் சேர்ந்து மாட்டும் பிளாஸ்டிக் சாக்கெட் அது. சென்சாருக்குப் போகும் பின் ஒன்றில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்து நிற்பது தமிழ்நாடு, அதில் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்தில் விளைவது. அளமும் கடலும் சூழ்ந்த ஊரில் ஈரம் படிந்த செம்பு சும்மா இருக்காது. வெள்ளத்தில் உள்ளே புகுந்த ஈரம் ஒன்றரை வருஷமாக நிதானமாக வேலை பார்த்திருக்கிறது. மீட்டர் வைத்துப் பார்த்தால் அந்த ஒரு பின்னில் மட்டும் 200 ஓம் தடை.

இனிமேல்தான் கணக்கின் அழகு. மணியின் தடையோடு இந்த 200-ம் சேர்ந்துதான் டிசிஎம்முக்குப் போகும். காலையில், குளிர்ந்த நேரத்தில், மணியே 3,500 ஓம். அதோடு 200 சேர்ந்தால் 3,700. பெருங்கடலில் ஒரு குடம். வித்தியாசம் ஒன்றரை டிகிரி. எண்ணெய் 110 டிகிரிக்குப் போகும்போது மணி 250 ஓம்தான். அதோடு 200 சேர்ந்தால் 450, கிட்டத்தட்ட இரட்டிப்பு. 450 ஓமுக்கு அட்டவணையில் எழுதியிருப்பது 87 டிகிரி. மலையில் 130-ஐத் தொட்டிருந்தாலும் டிசிஎம்முக்கு 96 என்றுதான் சேதி போயிருக்கும். குளிரில் உண்மை பேசி, சூடு ஏற ஏறப் பொய்யைக் கூட்டிக்கொண்டே போகிறது களிம்பு. கோடு விழாது, டேஷ்போர்டில் விளக்கு எரியாது. 96 என்பது எல்லா வண்டிக்கும் வரக்கூடிய மரியாதையான எண். தாத்தா சொன்ன கல்லில் மாட்டிய கயிறு இதுதான். எண்ணெய் கீழே கிடந்து சுண்டியிருக்கிறது, மேலே ஒன்றும் வந்து சேரவில்லை.

சூடு ஏறியதற்குக் காரணம் வேறு. முன்பக்கம் கியர் ஆயில் கூலரின் இடுக்குகளில் வெள்ளத்துச் சேறு காய்ந்து செங்கல்லாகி அடைத்திருந்தது, காற்றுப் போக வழியில்லை. ஒரே வெள்ளம் எண்ணெய் ஆறும் வழியை அடைத்து, அதை எடுத்துச் சொல்லும் வாயையும் அடைத்திருக்கிறது. சென்சார் உண்மையைச் சொல்லியிருந்தால் டிசிஎம் லாக்கைப் பிடித்திருக்கும், ஃபேனை ஓட்டியிருக்கும், வண்டியின் வேகத்தைக் குறைத்தாவது எச்சரித்திருக்கும். சூட்டில் பத்துப் பதினோரு டிகிரி கூடினால் எண்ணெயின் ஆயுள் பாதி என்பது எங்கள் தொழிலில் வாய்க்கணக்கு. அந்தக் கணக்கில் பார்த்தால் கொடைக்கானல் ஏற்றத்தில் எத்தனை வருஷம் கரைந்தது என்று நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

கூலரைக் கழுவி, எண்ணெயும் ஃபில்டரும் மாற்றி, கப்ளரில் புது பின் போட்டேன். வண்டி இப்போது ஓடுகிறது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது ஒரு சின்ன உதறல் மட்டும் போகவில்லை. பிளேட் தேய்ந்தது தேய்ந்ததுதான், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

இனி இந்தக் கதையெல்லாம் எத்தனை நாளைக்கு என்று பையன் கேட்கிறான். 2025 ஆகஸ்ட் 4-ம் தேதி எங்கள் ஊர் சிப்காட்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறந்துவிட்டார்கள். அந்தக் காரில் டார்க் கன்வர்ட்டரும் கிடையாது, வழுக்கும் எண்ணெயும் கிடையாது. உண்மைதான். ஆனால் மின்சாரக் காரில் மோட்டாரின் செம்புச் சுருளுக்குள்ளும் பேட்டரியின் செல்களுக்கு நடுவிலும் சூடு பார்க்கிற சென்சார்கள் இருக்கின்றன. பேட்டரியில் ஒன்றிரண்டல்ல, பல. பெரும்பாலும் இதே மணி, இதே இரண்டு வயர், இதே கப்ளர். கடற்காற்றும் இதேதான். "ஒனக்கு வேல இருக்குலே, பயப்படாத" என்றேன்.

ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள், அதுவும் கடலோரத்தில் இருப்பவர்கள், வெள்ளத்தில் வண்டி முங்கியிருந்தால் கட்டாயமாக, ஒன்று செய்யுங்கள். அடுத்த சர்வீஸில் கியர் ஆயில் சூட்டை ஸ்கேனரில் காட்டச் சொல்லுங்கள், வண்டி ஆறியிருக்கும்போது அல்ல, நன்றாக ஓடி வந்த சூட்டில். அப்படியே அடித்தட்டில் துப்பாக்கியை வைத்து ஒத்துப்பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், வேறெதையும் கழற்றுவதற்கு முன் கப்ளரைக் கழற்றச் சொல்லுங்கள். கொடைக்கானல் வண்டியில் அந்தப் பின்னுக்கும் ஒரு முழம் வயருக்கும் நான் வாங்கியது 380 ரூபாய்.